இம்மியினும் சிறிது

“இம்மியளவும் ஐயமில்லை” என்பது தமிழ் வழக்கு. இம்மி என்பது வெறும் சொல்லலங்காரம் அன்று. பழந்தமிழ்க் கணக்காயர் திண்ணைப் பள்ளியில் பயிற்றிய கீழ்வாய் இலக்கங்களுள் ஒன்று. ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி எனப்படும். அம்முந்திரியை மீண்டும் முந்நூற்றிருபது கூறாக்கினால் ஒரு கூறு கீழ்முந்திரி. அதனையும் பத்தரைக் கூறாக்கினால் கிடைப்பது இம்மி. அஃதாவது, ஒன்றில் 10,75,200-இல் ஒரு பங்கு. எந்த வணிகனும் இம்மியைத் தராசில் இட்டு நிறுத்திருக்க மாட்டான். ஆயினும், அத்துணைச் சிறிய அளவுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று முன்னோர் கருதினர்.

இக்காலத்து வேதியியல் ஆய்வுக்கூடங்களில் இம்மியும் பேரளவேயாகும். அங்கே ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கி, அவற்றுள் ஒரு கூற்றை நானோகிராம் என வழங்குகின்றனர். ஒரு கிராமின் இம்மி ஏறத்தாழ 930 நானோகிராம் ஆகும். ஆனால் ஒரு கிராம் செரிப்பழத்திலே பதின்மூன்று நானோகிராம் உள்ளதா, இரண்டே நானோகிராம் உள்ளதா என்று அறிஞர் கணக்கிட்டு வாதாடும் பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் மெலட்டோனின்.

மெலட்டோனினை முதன்முதல் கண்டவர் செடிகொடிகளை ஆராய்ந்தவர் அல்லர், தோல்நோய் மருத்துவர். மூளையின் நடுவே, நெல்மணி அளவினதாய், பினியல் என்னும் சுரப்பி ஒன்று அமைந்துள்ளது. 1917-ஆம் ஆண்டில் மக்கார்டு, ஆலன் என்னும் அமெரிக்கர் இருவர், மாட்டின் பினியல் சுரப்பியைத் தவளையின் தலைப்பிரட்டைகளுக்கு இரையாக இட்டபோது, அவற்றின் கருந்தோல் வெளிறுவதைக் கண்டனர். நாற்பது ஆண்டுகள் அச்செய்தி பெரும்பாலும் ஏட்டளவில் கிடந்தது. பின்னர், யேல் பல்கலைக்கழகத்து ஆரன் லெர்னர் என்பவர், தோலின் நிறக்கேடுகளுக்கு மருந்து காணும் நோக்குடன் அதனைத் தேடியெடுத்தார். இலட்சத்துக்கும் மேற்பட்ட மாட்டுப் பினியல் சுரப்பிகளைத் திரட்டி, வடித்தும் பிரித்தும் பல ஆண்டுகள் உழைத்து, 1958-ஆம் ஆண்டில் அப்பொருளைத் தனித்தெடுத்தார். தோலின் கருநிறமியாகிய மெலனின், வேதியமைப்பில் உறவுடைய செரட்டோனின் என்னும் இரண்டன் பெயரையும் இணைத்து அதற்குப் பெயர் அமைந்தது. அவர் நாடிய மருந்து என்னவோ கிடைக்கவில்லை. தலைப்பிரட்டையின் தோலை வெளிறச் செய்த அப்பொருள் மனிதர் தோலில் அவ்வாறு செய்யவில்லை. ஆயின், இருள் சூழ்ந்ததும் சுரந்து, ஒளி பட்டதும் அடங்கி, உடலுக்கு இரவின் வரவை அறிவிக்கும் தூதுவன் அதுவே என்பது பின்னர்ப் புலனாயிற்று.

1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் ரைட்டரும் அவர்தம் குழுவினரும், மெலட்டோனினுக்கு வேறொரு தொழிலும் உண்டு என்று அறிவித்தனர். அஃது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளும் ஆம் என்பதே அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1995-இல், செருமானியக் குழு ஒன்றும் சப்பானியக் குழு ஒன்றும் தனித்தனியே ஆராய்ந்து, விலங்குகளுக்கே உரியது என்று எண்ணியிருந்த அப்பொருள் தக்காளி, வாழை, அரிசி முதலிய உணவுப் பயிர்களிலும் உண்டு என வெளியிட்டன. அன்று தொடங்கிற்று, எந்தக் காயில் எவ்வளவு, எந்த விதையில் எவ்வளவு என்னும் அளவைப் போட்டி.

ஆக்சிஜனேற்றம் என்பது என்ன? இரும்பு துருப்பிடிப்பதும், நாட்பட்ட எண்ணெய் காறிப்போவதும், அரிந்து வைத்த வாழைக்காய் கறுப்பதும் அதன் விளைவுகளே. உடலின் உள்ளும் அது நிகழ்கின்றது. மூச்சினால் உட்கொண்ட ஆக்சிஜனைக் கொண்டு உணவை எரித்து ஆற்றல் பெறும்போது, அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறிகளைப் போலச் சில துணுக்குகள் தோன்றுகின்றன. மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்து நிற்கும். துணையிழந்த எலெக்ட்ரான் ஒன்றைத் தாங்கியது தனியுறுப்பு எனப்படும். அது தன் குறையை நிரப்ப அண்டை மூலக்கூற்றிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது தானும் தனியுறுப்பாகி, அதற்கு அடுத்ததைப் பறிக்கும். இவ்வாறு கேடு சங்கிலிபோல் தொடரும். தன் எலெக்ட்ரானை ஈந்துவிட்டும் தான் கேடு செய்யாது அமைதியாக நிற்கும் பொருளே ஆக்சிஜனேற்றத் தடுப்பி. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள், காய்கனிகளின் வண்ணப் பொருள்கள் பல, இவ்வகையைச் சேர்ந்தவை.

எலெக்ட்ரானை ஈயும் இக்குணமே அவற்றை அளப்பதற்கும் எளிய வழியாயிற்று. எலெக்ட்ரானைப் பெற்றால் நிறம் மாறும் சாயம் ஒன்றைப் பழச்சாற்றுடன் சேர்த்து, எவ்வளவு சாயம் நிறம் மாறிற்று என்று பார்த்தால் போதும். வைட்டமின் சி-ஐ அளக்கும் பழைய முறை இதுவே. அமிலம் சேர்த்த சாற்றில், டைகுளோரோபீனால் இண்டோபீனால் என்னும் சாயத்தைக் கண்ணாடிக் குழலிலிருந்து துளித்துளியாக விடுவர். வைட்டமின் உள்ளவரை விழுந்த துளியின் நிறம் மறைந்துகொண்டே வரும். அது தீர்ந்ததும் அடுத்த துளியின் இளஞ்சிவப்பு மாறாமல் நிலைக்கும். அதுவரை செலவான சாயமே கணக்கு. கல்லூரி மாணவரும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம்.

முறை எளிது; ஆயின் அதில் ஒரு பொத்தல் உண்டு. சாயத்திற்குக் கொடுப்பவர் யார் என்று தெரியாது. கொடுத்ததை மட்டுமே அது காட்டும். இதற்கு நெல்லிக்கனியே நல்ல சான்று. அதியமான் ஔவைக்கு ஈந்ததாகப் போற்றப்படும் அக்கனி, வைட்டமின் சி நிறைந்தது என்பதில் ஐயமில்லை. நூறு கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் உண்டு என்று ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை கூறிற்று. அதே நிறுவனம், பிரித்து அளக்கும் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிய அட்டவணையிலோ, அதன் பாதிக்கும் குறைவான அளவே காணப்படுகின்றது. மரத்தின் வகை, கனியின் முதிர்ச்சி, பறித்தபின் கழிந்த நாள் ஆகியவற்றால் அளவு மாறும் என்பது உண்மையே. எனினும், நெல்லிக்குத் துவர்ப்பைத் தரும் டானின்களும் எலெக்ட்ரானை ஈய வல்லவை என்பதையும் மறத்தலாகாது. ஒருவர் பெயரில் எழுதிய கொடையில் வேறு சிலர் கைப்பொருளும் கலந்திருக்கக் கூடும். இக்காரணம் பற்றி, 1996-இல் இந்திய ஆய்வாளர் சிலர், நெல்லியின் வன்மை முழுதும் டானின்களுடையதே என்று கூறும் அளவுக்குச் சென்றனர். 2006-இல் வேறொரு குழு ஆராய்ந்து, அவ்வன்மையில் ஏறத்தாழப் பாதி முதல் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு வரை வைட்டமின் சி-க்கு உரியது என்று காட்டியது.

பொருளைத் தனித்தனியே அறிவது அரிது எனின், எல்லாவற்றின் வன்மையையும் கூட்டி ஒரே எண்ணாகக் கூறினால் என்ன என்று சிலர் கருதினர். மெலட்டோனின் பிரித்தெடுக்கப்பட்ட அதே 1958-இல் பிளாய்சு என்பவர் வெளியிட்ட முறையொன்று இன்றும் வழக்கில் உள்ளது. டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறத் தனியுறுப்புக் கரைசலில் சாற்றை விட்டால், தடுப்பியின் வன்மைக்கு ஏற்ப ஊதா மங்கி மஞ்சளாகும். அதனை ஒளிமானியால் அளப்பர். 1990-களில் அமெரிக்காவில் ஓராக் என்னும் மற்றொரு முறை எழுந்தது. அந்நாட்டு வேளாண்மைத் துறை அம்முறையால் அளந்த உணவுகளின் நீண்ட பட்டியலை 2007-இல் வெளியிட்டு, 2010-இல் விரித்துப் புதுக்கியது. பட்டியலின் உச்சியில் இடம்பெற்றவை கிராம்பு முதலிய நறுமணப் பொருள்கள். நூறு கிராம் கிராம்பை ஒருவரும் உண்பதில்லை என்பதைப் பட்டியல் அறியாது. வணிகருக்கோ அது வாய்த்த வரமாயிற்று. “எங்கள் சாற்றின் எண் இத்தனை ஆயிரம்” என்று புட்டிதோறும் அச்சிட்டனர். சோதனைக் குழாயில் கண்ட எண், உண்டவர் உடலில் அதே நன்மையைத் தரும் என்பதற்குச் சான்று இல்லை. எண்களோ தவறாகவே பயன்படுத்தப்படுகின்றன என்று கூறி, 2012-ஆம் ஆண்டில் அத்துறை பட்டியலை அறவே நீக்கிவிட்டது. தான் வெளியிட்டதைத் தானே திரும்பப் பெறும் துணிவு அரசுத் துறைகளில் அடிக்கடி காணக்கூடியது அன்று.

மெலட்டோனினை அளப்பதற்குச் சாய முறை ஒரு சிறிதும் பயன்படாது. கிராமில் சில நானோகிராமே உள்ள அதன் குரல், ஆயிரம் மடங்கும் இலட்சம் மடங்கும் மிகுந்த பிற தடுப்பிகளின் பேரிரைச்சலில் அமிழ்ந்துபோகும். ஆகவே, முதலில் அதனை மற்றவற்றிலிருந்து பிரித்தல் வேண்டும். அதற்கும் முன்னே, அது கெடாமல் காத்தல் வேண்டும். பழத்தை அரைத்ததும் திசுக்கள் உடைந்து ஆக்சிஜனேற்றம் விரைகின்றது. அப்போது மெலட்டோனின் தன் இயல்புப்படி எலெக்ட்ரானை ஈந்து தான் அழிகின்றது. அளக்க வேண்டிய பொருள், அளக்கத் தொடங்கும்போதே செலவாகிவிடுகிறது. ஒளி பட்டாலும் அது சிதையும். ஆதலால், பழத்தைச் சுழிக்குக் கீழ் 196 பாகை செல்சியசு குளிருடைய திரவ நைட்ரஜனில் உறையச் செய்து, மங்கிய ஒளியில் பொடித்து, மெத்தனால் போன்ற கரைப்பானில் இட்டு எடுப்பர்.

இத்துணைக் காப்புச் செய்தும் ஒரு பகுதி வழியில் இழக்கப்படும். எவ்வளவு இழந்தது என்று அறிவதற்கு வேதியியலார் கையாளும் சூழ்ச்சி இனியது. சாதாரண ஹைட்ரஜனுக்கு மாற்றாக அதன் கனத்த வடிவமாகிய டியூட்டீரியத்தைச் சேர்த்து ஆக்கிய மெலட்டோனினை, அளவறிந்து, தொடக்கத்திலேயே கலந்து விடுகின்றனர். அது மற்றதைப் போலவே கரையும், மற்றதைப் போலவே கெடும். எடை மட்டும் சற்று மிகும். இட்டது பத்து நானோகிராம், ஈற்றில் கிடைத்தது ஆறு எனின், பழத்துக்கு உரியதிலும் பத்தில் நான்கு பங்கு இழந்தது என்று துணியலாம். வழிப்போக்கருடன் ஒற்றன் ஒருவனைக் கூட்டி அனுப்பி, வழியில் நிகழ்ந்ததை அவன் வாயிலாக அறிவது போன்றது இது.

தொடக்க கால ஆய்வுகள் பலவற்றில் எதிர்ப்பொருள் முறை கையாளப்பட்டது. அமெரிக்காவில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்னும் இருவர் கண்ட கதிரியக்க முறை இது. பெர்சன் 1972-இல் மறைந்துவிட, 1977-ஆம் ஆண்டு நோபல் பரிசை யாலோ பெற்றார். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல, மெலட்டோனினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கொண்டு அதன் அளவை அறிவர். மனிதக் குருதியை ஆராய்வதற்கு இது பெரிதும் உதவிற்று. ஆனால் ஒரு செடியில் உள்ள பொருள்களோ ஆயிரக்கணக்கின. அவற்றுள் மெலட்டோனினின் சாயல் சிறிதே உடையதும் அப்பூட்டினுள் நுழைந்து, கணக்கை உயர்த்திவிடும். குருதிக்கென ஆக்கிய பூட்டைச் செடிச்சாற்றுக்கு இட்டதன் விளைவு அது.

பிரித்துக் காணும் முறைக்கு வழிகாட்டியவர் உருசியத் தாவரவியலார் மிகைல் சுவெத். வார்சாவில் பணியாற்றிய அவர், சுண்ணப்பொடி நிரப்பிய கண்ணாடிக் குழலில் இலைச்சாற்றை ஊற்றிக் கரைப்பானால் கழுவினார். பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாகப் பிரிந்து நின்றன. 1906-இல் அவர் அதற்கு வண்ணப்பிரிகை எனப் பொருள்படும் பெயரை இட்டார். சுவெத் என்னும் அவர் பெயருக்கும் உருசிய மொழியில் வண்ணம் என்பதே பொருள். பெயரும் தொழிலும் இவ்வாறு பொருந்துவது அருமை. இன்று சுண்ணப்பொடிக்கு மாற்றாக மிக நுண்ணிய துகள்கள் நிரம்பிய எஃகுக் குழலில், மிகுந்த அழுத்தத்துடன் சாறு செலுத்தப்படுகின்றது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். வெளிவந்ததை நிறை நிறமாலைமானி என்னும் கருவி வாங்கி, மூலக்கூற்றின் எடையை அறிந்து, அதனை உடைத்துத் துண்டுகளின் எடையையும் அறியும். மெலட்டோனினின் மூலக்கூற்று எடை 232.

இத்தகைய கருவியும் ஏமாறியதுண்டு. திராட்சையில் மெலட்டோனின் இருப்பதை 2006-இல் இத்தாலிய ஆய்வாளர் வெளியிட்டனர். பின்னர்த் திராட்சை மதுவை ஆராய்ந்தவர்கள், மெலட்டோனினின் எடையே உடையதாய், ஆனால் வேறொரு நேரத்தில் வெளிவரும் பொருளைக் கண்டனர். அதே அணுக்கள் வேறு முறையில் அடுக்கப்பட்ட மெலட்டோனின் மாற்றியம் அது என்று பெயரிட்டு, மெலட்டோனினின் பயன்கள் அதற்கும் உண்டோ என்றும் எழுதலாயினர். 2014-இல் மிலான் நகரத்து ஆய்வாளர் அதனைத் துருவி ஆராய்ந்து, அது டிரிப்டோபன் எத்தில் எஸ்டர் என்னும் பொருள் என்று நிறுவினர். டிரிப்டோபன் என்பது புரதங்களில் உள்ள அமினோ அமிலம். மது நொதிக்கும்போது தோன்றும் ஆல்கஹாலுடன் அது கூடினால் இப்பொருள் பிறக்கும். கார்பன் 13, ஹைட்ரஜன் 16, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2 என, அணுக்களின் எண்ணிக்கையும் இரண்டுக்கும் ஒன்றே. தராசு பொய் சொல்லவில்லை. எடை ஒத்தவை யாவும் ஒரு பொருளே என்று கொண்டதுதான் பிழை.

இனி, அளந்த எண்களைச் சிறிது நோக்கலாம். 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அளந்தபடி, மாண்ட்மொரென்சி என்னும் புளிப்புச் செரி வகையில் கிராமுக்கு 13.46 நானோகிராமும், பலட்டான் என்னும் வகையில் 2.06 நானோகிராமும் இருந்தன. இரண்டும் புளிப்புச் செரியே. ஆயினும் ஆறு மடங்குக்கு மேல் வேறுபாடு. 2000-இல் பதினைந்து வகை விதைகளை ஆராய்ந்தபோது, வெண்கடுகில் 189, கருங்கடுகில் 129, வெந்தயத்தில் 43, கொத்துமல்லியில் 7 எனக் கண்டனர். கடுகு செரியை வென்றது என்று உடனே கூறிவிடலாகாது. செரியில் பெரும்பகுதி நீர், கடுகோ உலர்ந்தது. நீரோடு நிறுத்ததையும் நீரின்றி நிறுத்ததையும் ஒரே வரிசையில் எழுதுவது, நெல்லையும் சோற்றையும் ஒரே படியால் அளப்பதாகும்.

அக்ரூட்டுப் பருப்பில் கிராமுக்கு 3.5 நானோகிராம் என்பது 2005-ஆம் ஆண்டுக் கணக்கு. 2014-இல், ஒளிர்வை அளக்கும் முறையால், பிஸ்தாப் பருப்பில் கிராமுக்கு இரண்டு இலட்சம் நானோகிராமுக்கு மேல் உண்டு என்று ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டும் கொட்டைப் பருப்பே. இடையே அறுபதினாயிரம் மடங்கு! அவ்வெண் மெய்யாயின், ஒரு கைப்பிடி பிஸ்தா ஒரு தூக்க மாத்திரைக்கு ஈடாகும். விருந்துக்கு வந்தவர் பந்தியிலேயே கண்ணயர வேண்டும். தாவரங்களில் ஒளிரும் பொருள்கள் பல உண்டு என்பதை எண்ணினால், இத்தகைய எண்ணை வேறொரு முறையாலும் அளந்து பார்த்த பின்னரே ஏற்பது முறை.

மாத்திரை என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகின்றது. அமெரிக்கக் கடைகளில் மருத்துவர் சீட்டின்றி விற்கும் மெலட்டோனின் மாத்திரையில் 3 மில்லிகிராம் இருப்பது பெருவழக்கு. அது முப்பது இலட்சம் நானோகிராம். அதனை மாண்ட்மொரென்சிச் செரியால் பெற வேண்டுமாயின் ஏறத்தாழ 223 கிலோகிராம் உண்ண வேண்டும். கருங்கடுகால் எனின் 23 கிலோகிராம். தாளிப்புக்கு இடும் நான்கு கிராம் கடுகில் உள்ளது 516 நானோகிராம். காய்ந்த எண்ணெயில் வெடித்தபின் எஞ்சுவது எவ்வளவு என்பது வேறு கணக்கு. “இக்கனியை உண்டால் உறக்கம் வரும்” என்னும் விளம்பரங்களைப் படிக்கும்போது இவ்வகுத்தலைச் செய்து பார்ப்பது நன்று. மற்றொரு புறம், 2012-இல் இங்கிலாந்தில் இருபது பேருக்குச் செரிப்பழச் செறிசாற்றை ஏழு நாள் கொடுத்து ஆராய்ந்தபோது, சிறுநீரில் வெளிப்படும் மெலட்டோனின் அளவு கூடியது. உறக்கமும் சிறிது நீண்டது. சாற்றின் மெலட்டோனினே அதற்குக் காரணமா, செரியின் பிற பொருள்களும் துணை நின்றனவா என்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்படவில்லை.

மாத்திரையேனும் எழுதிய அளவுக்கு உண்மையாய் இருந்ததா? 2017-இல் கனடா நாட்டு ஆய்வாளர் கடைகளில் வாங்கிய 31 மெலட்டோனின் பொருள்களைப் பிரித்து அளந்தனர். சீட்டில் எழுதியதைவிட 83 விழுக்காடு குறைந்ததும் உண்டு. 478 விழுக்காடு மிகுந்ததும் உண்டு. எட்டுப் பொருள்களில், எழுதப்படாத செரட்டோனினும் கலந்திருந்தது. குழந்தைகள் மெல்லுவதற்கென்று இனிப்புச் சேர்த்து விற்பனவும் அம்மாத்திரைகளில் உண்டு. தாய் ஒருத்தி சீட்டைப் படித்துத் தன் பிள்ளைக்கு ஒன்றே கொடுத்தேன் என்று அமைதி கொள்ளும்போது, அது ஒன்றோ ஐந்தோ என்பதை அளந்தவரன்றி வேறெவரும் அறியார்.

செடி இப்பொருளை மனிதர் உறக்கத்துக்காக ஆக்குவதில்லை. கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிசு என்னும் சிறு செடியில், மெலட்டோனினைப் பற்றி அதன் செய்தியை உள்ளே சேர்ப்பிக்கும் ஏற்பி ஒன்றைக் கண்டதாகச் சீன ஆய்வாளர் 2018-இல் வெளியிட்டனர். அச்செய்தி கிடைத்ததும் இலையின் நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன என்பது அவர்தம் முடிவு. மண் வறண்ட வேளையில் இலையின் நீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பது அத்துளைகள் மூடிக்கொள்வதே. அவ்வேற்பி பற்றி மறுப்பும் எழுந்துள்ளது. ஆய்வு நடைபெற்று வருகின்றது.